ஜொகூர் கடைவீடுகளும் அவற்றைக் கட்டிய கைவினைஞர்களும்

ஜொகூரின் பழைய கடைவீட்டுக்கு அகலம் குறைவு, நீளம் அதிகம். முகப்பு ஐந்தாறு மீட்டருக்கு மேல் இராது. உள்ளே போனால் அதைப்போல் நாலைந்து மடங்கு நீளும். கீழே வியாபாரம், மேலே குடித்தனம், நடுவே வெளிச்சமும் காற்றும் மழைநீரும் இறங்க ஒரு திறந்த முற்றம், முன்னால் கடைக்குக் கடை தொடரும் அஞ்சடி நடைபாதை. இரு பக்கச் சுவர்களும் அண்டைவீட்டாருக்கும் பொது. மாடித்தளத்தையும் கூரையையும் சுமக்கும் மர உத்திரங்கள் ஒரு பொதுச்சுவரிலிருந்து மறு சுவருக்குப் போவதால், கிடைத்த மரத்தின் நீளத்தைப் பொறுத்தே பெரும்பாலும் கடையின் அகலம் அமைந்தது. செங்கல்லைக் கட்டியது சுண்ணாம்புச் சாந்து, மேற்பூச்சும் சுண்ணாம்பு, அதன்மேல் அடித்த வெள்ளையும் சுண்ணாம்பு. கூரையில் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி அடுக்கிய மண் ஓடு. இப்படிப்பட்ட வீட்டைச் செப்பனிட ஒரு சுண்ணாம்புக் கொத்தர், ஒரு தச்சர், ஓடு வேயத் தெரிந்த ஒருவர் என மூன்று பேராவது வேண்டும். நூறு ஆண்டுகளுக்கு முன் இவர்களை யாரும் தேடி அலைந்ததில்லை. இன்று ஜொகூர் பாருவில் பழைய கடைவீட்டை வாங்குபவருக்கு, விலைக்கு அடுத்த பெரிய கவலை இவர்களைக் கண்டுபிடிப்பதுதான்.

இந்த வீட்டு வடிவத்துக்கு விதி எழுதப்பட்டது ஜொகூர் நீரிணைக்கு அக்கரையில். சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ், 1822இல் அதன் நகரக் குழுவுக்குத் தந்த அறிவுறுத்தல்களில், செங்கல்லாலோ ஓட்டாலோ கட்டப்படும் வீடுகளின் முகப்புகள் ஒரே சீராக இருக்க வேண்டும் என்றார். ஒவ்வொரு வீட்டின் முன்னாலும் எந்நேரமும் திறந்திருக்கும் தாழ்வாரம் விடப்பட வேண்டும், அவை ஒன்று சேர்ந்து தெருவின் இருபுறமும் தொடர்ச்சியான கூரையிட்ட நடைபாதையாக அமைய வேண்டும் என்பதும் அவர் விதித்ததே. அஞ்சடி அப்படிப் பிறந்தது. நாளடைவில் தீபகற்பத்தின் துறைமுகங்களுக்கும் ஈயச் சுரங்க ஊர்களுக்கும் தோட்டப்புறச் சிற்றூர்களுக்கும் இந்த வழக்கம் பரவியது.

விதி எழுதுவது எளிது. கட்டுவதற்கு ஆள் வேண்டுமே! தொடக்க காலச் சிங்கப்பூரின் அரசாங்கக் கட்டடங்களை எழுப்பியவர்களில் பெரும் பகுதியினர் இந்தியக் கைதிகள். 1825இல் பென்கூலனிலிருந்து முதல் கூட்டம் கொண்டுவரப்பட்டது. பின்னர் சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களிலிருந்து நேரடியாகவே அனுப்பினார்கள். காட்டை அழிக்கவும் சாலை போடவும் வந்தவர்கள் காலப்போக்கில் சிறைப் பட்டறைகளில் செங்கல் அறுக்கவும், சுண்ணாம்பு சுடவும், கல் உடைக்கவும், மரவேலை செய்யவும், இரும்படிக்கவும் பழக்கப்பட்டார்கள். சிராங்கூன் சாலைப் பக்கம் அவர்கள் நடத்திய செங்கல் சூளையின் கல் தரத்துக்குப் பெயர் பெற்றது. 1862இல் அர்ச்சிக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும், 1869இல் முடிந்த ஆளுநர் மாளிகையும் அவர்கள் கைவேலை. அந்த மாளிகைதான் இன்று இஸ்தானா என்று அழைக்கப்படுகிறது. சிறைப் பொறுப்பிலிருந்த மேஜர் மெக்நேர் பிற்காலத்தில் இந்தப் பயிற்சி முறையை ஒரு புத்தகமாகவே எழுதி வைத்தார். அதில் அவர் தந்திருக்கும் விவரங்கள் கொத்துத் தொழில் வரலாற்றுக்குப் பெரிய சொத்து.

அந்தத் தேவாலயத்தின் உட்சுவருக்குப் பூசப்பட்டது மெட்ராஸ் சுண்ணாம்பு எனப்பட்ட கலவை. மணல் கலக்காத கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கருவையும் கரடுமுரடான வெல்லத்தையும் சேர்த்து விழுதாக அடிப்பார்கள். தேங்காய் மட்டை ஊறிய நீரை விட்டுப் பதத்துக்குக் கொண்டுவந்து பூசுவார்கள். பூச்சு இறுகியதும் படிகக்கல்லாலோ வழவழப்பான கூழாங்கல்லாலோ தேய்க்கத் தொடங்கி, சுவரில் கசியும் ஈரத்தை அவ்வப்போது துடைத்துத் துடைத்து மெருகேற்றுவார்கள். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இந்த முறை அந்நியமாகத் தோன்றாது. அங்கே கடுக்காய் நீரும் கலவையில் சேரும். உரிய கூலியும் பெயரும் இல்லாமல் வேலை செய்த அந்தக் கைதிகள்தான் தமிழகத்துக் கொத்தரின் கைப்பக்குவத்தைப் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் ஊன்றியவர்கள். அவர்களுக்கு உரிய இடத்தை நகர வரலாறுகள் இன்னும் முழுதாகத் தந்துவிடவில்லை. 1867இல் நீரிணைக் குடியேற்றங்கள் முடியாட்சிக் காலனியான பின் கைதிகளை அனுப்புவது நின்றது. 1873இல் கைதிச் சிறை கலைக்கப்பட்டது. விடுதலை பெற்றவர்களில் பலர் ஊர் திரும்பாமல் இங்கேயே பிழைப்பைத் தேடிக்கொண்டார்கள்.

நீரிணைக்கு இப்பாலும் அதே காலத்தில் ஒரு நகரம் எழுந்தது. 1855இல் ஜொகூரை ஆண்ட தெமெங்கோங் இப்ராஹிம் தஞ்சோங் புத்திரியில் நிறுவிய குடியேற்றத்துக்கு, அவர் மகன் அபு பாக்கார் 1866இல் ஜொகூர் பாரு என்று பெயரிட்டார். இங்கே கட்டுமானத்தின் பெரும் பங்கு சீனத் தச்சர்களின் கையில் இருந்தது. அவர்களில் முதன்மையானவர் வோங் ஆ ஃபூக். குவாங்டோங் மாநிலத்தின் தைஷானில் 1837இல் பிறந்து, 1854இல் சிங்கப்பூருக்கு வந்து தச்சராகத் தொழிலைத் தொடங்கியவர். அபு பாக்காரின் நம்பிக்கையைப் பெற்று இஸ்தானா பெசார் அரண்மனையைக் கட்டும் குத்தகையை எடுத்தார். நகரின் முக்கியச் சாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. உளி பிடித்த ஒருவர் நகரத்தையே குத்தகைக்கு எடுத்துக் கட்டும் அளவுக்கு உயர முடிந்தது என்றால், அந்தக் காலத்தில் தச்சுத் தொழிலுக்கு எவ்வளவு மதிப்பும் தேவையும் இருந்தன என்பது விளங்கும்.

கான்டோனியத் தச்சர்களுக்குத் தங்களுடைய சங்கங்கள் இருந்தன. தொழில் தெய்வம் லூ பான். பினாங்கு லவ் லேனில் உள்ள லூ பான் கோயில் அப்படியொரு தச்சர் சங்கத்தின் இல்லம். கப்பலிலிருந்து இறங்கிய இளைஞன் முதலில் போய் நின்ற இடம் இத்தகைய சங்கம்தான். அவனுக்கு வேலை காட்டுவதும், குருவிடம் சேர்த்துவிடுவதும், கூலித் தகராற்றைத் தீர்ப்பதும் சங்கத்தின் பொறுப்பு. வீட்டுக்காரருக்கும் இது வசதி. சங்கத்துக்கு ஆள் அனுப்பினால் தச்சர் வருவார். அவர் வேலையைக் கெடுத்தால் சங்கத்துக்கே கெட்ட பெயர். கட்டட வேலை ஆண்களோடு நிற்கவில்லை. 1933இல் வெளிநாட்டார் சட்டம் சீன ஆண்களின் வரவை மட்டுப்படுத்தியபோது, சீனாவின் சம்சுய் வட்டாரத்துப் பெண்கள் தலையில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு சிங்கப்பூரின் கட்டட வேலைகளில் மண்ணும் கல்லும் சுமந்தார்கள்.

ஜொகூரின் உட்பகுதியில் கடைவீடு தோட்டத்தைத் தொடர்ந்து வந்தது. ஆற்றோரங்களில் கம்பீர்ச் செடியும் மிளகும் பயிரிட்ட சீனர்களை ஆற்றுத் தலைவர்கள் ஆண்ட கங்சூ முறை 1917இல் ஒழிக்கப்பட்டது. அதற்குள் ரப்பர் காடு பரவிவிட்டது. ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கிக்குப் போகும் சாலையில், சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில், திராம் ஆற்றின் மேற்பகுதியில் இருக்கும் உலு திராம் அப்படிப்பட்ட தோட்டப்புறத்து ஊர். இத்தகைய ஊர்களில் சாலையின் இருமருங்கும் ஒரு கடை வரிசை. சுற்றிலும் தோட்டங்கள், அவற்றில் தமிழர் லயங்கள். சம்பள நாளில் மக்கள் கடைத்தெருவுக்கு வருவார்கள். கீழே மளிகையும் துணியும், மேலே கடைக்காரர் குடும்பம். நகரத்துக் கடைவீட்டின் பூவேலையும் பளிங்கு ஓடும் இவற்றுக்கு இல்லை. பல வரிசைகள் மரத்தால் தொடங்கி, கையில் பணம் சேர்ந்தபின் செங்கல்லுக்கு மாறின. மலாயாவில் ரப்பருக்கும் நிலத்துக்கும் கட்டடத்துக்கும் கடன் தந்தவர்களில் செட்டியார்கள் முக்கியமானவர்கள். கடன் திரும்பாதபோது கடைவீடே அவர்கள் கைக்கு வந்ததும் உண்டு.

அந்தக் காலத்தில் வேலைக்காரரைக் கண்டுபிடிக்கும் முறை எளியது, ஏனென்றால் வேலை நின்றதே இல்லை. சீனப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் முன்பு சுண்ணாம்பு அடித்தாக வேண்டும். வெண்மை கூடட்டும் என்று அதில் கொஞ்சம் நீலம் கலப்பார்கள். அடைமழை தொடங்குமுன் ஓட்டுக்காரர் ஏறி நழுவிய ஓட்டை நகர்த்தி, உடைந்ததை மாற்றுவார். சுவருக்குள் புதைந்த உத்திரத்தின் முனையைக் கறையான் அரித்துவிட்டால், தச்சர் அழுகிய பகுதியை மட்டும் சரிவாக அறுத்தெடுத்து, அதே சரிவில் புது மரத்தைச் செதுக்கிப் பொருத்தி முளையடிப்பார்; முழு உத்திரத்தையும் கழற்ற வேண்டியதில்லை. இந்தச் சின்னச் சின்ன வேலைகளில்தான் கூடமாட நின்ற பையன் தொழிலைக் கற்றான். பெரிய கட்டடங்கள் கைவினைஞருக்குப் பெயர் வாங்கித் தந்தன. அடுத்த தலைமுறையை உருவாக்கியது வருஷா வருஷம் திரும்பி வந்த பழுதுவேலை.

அந்தச் சங்கிலி இரண்டு இடங்களில் அறுந்தது. ஒன்று, சிமெண்டு. 1920களிலிருந்து சிமெண்டுச் சாந்தும், கருங்கல் பொடி கலந்த ஷாங்காய் பூச்சும் முகப்புகளைப் பிடித்துக்கொண்டன. சுண்ணாம்பைப் போல வாரக்கணக்கில் ஊறவைக்க வேண்டாம், காத்திருக்க வேண்டாம். புதுக் கட்டடத்துக்கு அது பொருந்தியது. பழைய சுவருக்கு அது கேடு. குறைந்த சூட்டில் வெந்த பழைய செங்கல் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்டு அதை அடைத்துவிடும். ஈரம் மேலே மேலே ஏறி, உப்பு பூத்து, செங்கல்லே பொடியாக உதிரத் தொடங்கும். உத்திரத்தின் முனை சுவருக்குள்ளேயே மக்கும். மேற்பார்வைக்குச் சுவர் திடமாகத் தெரிவதுதான் இதில் உள்ள ஆபத்து.

மற்றொன்று, வாடகைக் கட்டுப்பாடு. போருக்குப் பிந்தைய வீட்டுப் பஞ்சத்தில் குடியிருப்போரைக் காக்க வந்த ஏற்பாடு அது. சிங்கப்பூரில் 1947இல் சட்டமானது; மலேசியாவில் 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1948 பிப்ரவரி 1க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை நிறுத்தி வைத்தது. ஏழைக் குடும்பங்கள் நகரின் நடுவில் தொடர்ந்து வாழ முடிந்தது இதனால்தான். அந்த நன்மையைக் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் கிடைத்த வாடகை ஓடு மாற்றவும் போதவில்லை. உரிமையாளர் செலவு செய்யவில்லை. தன்னுடையதல்லாத சுவருக்குக் குடியிருப்பவரும் செலவு செய்யவில்லை, ஒழுகிய இடத்தில் சிமெண்டை அப்பினார். ஒரு தலைமுறைக்கும் மேலாகச் சுண்ணாம்புக் கொத்தரைக் கூப்பிட யாருமில்லை. முதியவர்கள் ஓய்ந்தார்கள், பிள்ளைகள் கான்கிரீட் வேலைக்குப் போனார்கள். மலேசியச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, இடைக்காலம் 1999 இறுதியில் முடிந்தது. உரிமையாளர்களுக்குச் செலவிட மனம் வந்தபோது, செலவை வாங்கிக்கொண்டு வேலை செய்யத் தெரிந்தவர்கள் இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்க, கோயில் கட்டடக்கலை அருகிலேயே இருக்கிறது. கோயிலுக்கு ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்கு நடந்தாக வேண்டும். அதற்குமுன் கோபுரச் சுதையைப் பழுதுபார்த்து வண்ணம் தீட்டியாக வேண்டும். அதனால் தமிழகத்து ஸ்தபதிகளுக்கு மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வேலை இருந்துகொண்டே இருக்கிறது. 2023 பிப்ரவரியில் குடமுழுக்கு கண்ட சிங்கப்பூர் சௌத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலின் திருப்பணிக்கும் தமிழகத்திலிருந்து கலைஞர்கள் வந்தார்கள். கடைவீட்டுக்கு அப்படியொரு நாள்காட்டி இருந்ததில்லை. இருந்ததெல்லாம் பண்டிகைக்கு முந்தைய வெள்ளையடிப்பு. பெயிண்டு டப்பா வந்ததும் அதுவும் போயிற்று.

மீட்பு வேலை முதலில் சிங்கப்பூரில் தொடங்கியது. 1987இல் நகர மறுசீரமைப்பு ஆணையம் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் ஒரு கடைவீட்டைச் செப்பனிட்டு முன்மாதிரி காட்டியது. 1989இல் சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் உள்ளிட்ட வட்டாரங்கள் பாதுகாக்கப்பட்டவையாக அறிவிக்கப்பட்டன. பினாங்கில் 1990களில் சியோங் ஃபாட் ட்சே மாளிகையைப் புதுப்பித்தவர்கள், உள்ளூரில் கிடைக்காத கைவேலைக்குச் சீனாவிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்தார்கள். உடைத்த பீங்கான் துண்டுகளை ஒட்டிப் பூவும் பறவையும் ஆக்கும் கூரை அலங்காரம் அவற்றுள் முக்கியமானது. அதன் சுவர் நீலம், சுண்ணாம்பில் அவுரியைக் கலந்து அடித்தது. 2000இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபு விருது அதற்குக் கிடைத்தது. 2008இல் ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தபின், பழுதுவேலைக்கு மீண்டும் தொடர்ச்சியான தேவை உண்டாயிற்று. கொத்தர்களுக்குப் பட்டறைகள் நடந்தன. சுண்ணாம்பு விழுது விற்பனைக்கு வந்தது. 2009இல் அமைந்த திங்க் சிட்டி நிறுவனம் உரிமையாளர்களுக்கு மானியம் தந்தது, பிறகு ஜொகூர் பாருவுக்கும் தன் பணியை விரித்தது.

ஜொகூர் பாருவில் தான் ஹியோக் நீ சாலை, டோபி எனப்படும் சலவைக்காரர் தெரு, துருஸ் சாலை ஆகியவற்றின் கடைவீடுகள் காப்பிக்கடைகளாகவும் விடுதிகளாகவும் உயிர் பெற்றிருக்கின்றன. ஆனால் இங்கே ஆள் தேடுவதில் பினாங்குக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. கைத்திறன் உள்ள கொத்தரும் தச்சரும் மின்பணியாளரும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் வெள்ளியில் சம்பளம் வாங்கப் போய்விடுகிறார்கள். உலு திராம் போன்ற புறநகர்களிலிருந்து போகிறவர்களும் இவர்களில் உண்டு. உள்ளூர் வேலைத்தளங்களில் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்கள் அதிகம்; உழைப்புக்குக் குறைவில்லாதவர்கள், ஆனால் அவர்கள் பழகியது கான்கிரீட்.

ஆகவே அனுபவமுள்ள உரிமையாளர்கள் ஒரே குத்தகையாளரிடம் எல்லாவற்றையும் ஒப்படைப்பதில்லை. கூரைக்கும் மரத்துக்கும் சீனக் கோயில்களில் வேலை செய்த தச்சரை விசாரிக்கிறார்கள். இடிபடும் கட்டடங்களிலிருந்து பழைய ஓட்டையும் உத்திரத்தையும் வாங்கிச் சேர்க்கிறார்கள். கொத்தரை ஒப்புக்கொள்ளுமுன், பின்சுவரில் ஒரு சதுர மீட்டர் அளவுக்குச் சிமெண்டைக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்பு பூசிக் காட்டச் சொல்கிறார்கள். செங்கல் உடையாமல் சிமெண்டு வருகிறதா, பூசுமுன் சுவரை நனைக்கிறாரா, ஒரு பூச்சு இறுகும்வரை பொறுத்து அடுத்ததைப் பூசுகிறாரா, வெயில் படாமல் ஈரச்சாக்கு தொங்கவிடுகிறாரா என்று பார்க்கிறார்கள். சில வாரம் கழித்து அந்தச் சதுரத்தில் வெடிப்பு இல்லையென்றால் முழு வீட்டுக்கும் கூலி பேசுகிறார்கள்.