டார்க் சாக்லேட்: சத்து எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு?

வளைகுடாவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் விடுமுறையில் ஊருக்கு வந்தால், பெட்டியில் பேரீச்சம்பழத்துக்கும் அத்தருக்கும் பக்கத்தில் சாக்லேட் இல்லாமல் இருக்காது. முன்பெல்லாம் அது சிறுவர்களுக்கான பால் சாக்லேட். இப்போது 70, 85 என்று எண் போட்ட டார்க் சாக்லேட்டும் சேர்ந்து வருகிறது. "சர்க்கரை உள்ளவர்களும் சாப்பிடலாம், ரத்தம் ஊறும், இதயத்துக்கு நல்லது" என்று சொல்லிப் பெரியவர்கள் கையில் கொடுக்கிறார்கள். உத்திரமேரூர் சுற்றுவட்டாரக் குடும்பங்களிலும் இந்தப் பேச்சு பரவிவிட்டது. இதில் எது சரி, எது மிகை என்று பார்ப்போம்.

கோகோ மரத்தின் காயிலிருந்து விதைகளை எடுத்துப் புளிக்கவைத்து, காயவைத்து, வறுத்து அரைத்தால் கிடைப்பதே சாக்லேட்டின் மூலப்பொருள். ஏரித் தண்ணீரில் நெல்லும் மேட்டு நிலத்தில் வேர்க்கடலையும் விளையும் நம் பகுதிக்கு இந்த மரம் அன்னியம். ஆனால் தமிழ்நாட்டுக்கு அன்னியமில்லை. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு நிழலில் ஊடுபயிராக வளர்க்கிறார்கள். உறையில் உள்ள 70 சதவீதம் என்பது கோகோ விதையிலிருந்து வந்த பொருளின் பங்கு. மீதி பெரும்பாலும் சர்க்கரைதான்.

70 முதல் 85 சதவீதம் வரையிலான டார்க் சாக்லேட் 100 கிராமில் சுமார் 600 கலோரி, 43 கிராம் கொழுப்பு, 24 கிராம் சர்க்கரை, 11 கிராம் நார்ச்சத்து, 12 மில்லிகிராம் இரும்பு, 228 மில்லிகிராம் மக்னீசியம் இருக்கின்றன. செம்பு, துத்தநாகமும் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யாரும் 100 கிராம் சாப்பிடப் போவதில்லை, சாப்பிடவும் கூடாது. இரண்டு சிறு துண்டு, அதாவது 20 கிராம் என்று வைத்துக்கொண்டால் 120 கலோரி, 5 கிராம் சர்க்கரை, இரண்டரை மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவான இரும்பு. அவ்வளவுதான்.

இரும்பைப் பற்றி கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. நம் வீட்டுப் பெண்கள் இதற்கு விலக்கல்ல. மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது என்றால் "வேலை அதிகம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறார்கள். இவர்களிடம் டார்க் சாக்லேட்டைக் கொடுத்து "ரத்தம் ஊறும்" என்று சொல்வதில்தான் ஆபத்து இருக்கிறது. ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் தந்த அளவு. அதைச் சாக்லேட்டிலிருந்து மட்டும் பெற வேண்டுமானால் தினமும் கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத் தின்ன வேண்டும். கூடவே 1,400 கலோரிக்கு மேலும், ஏறக்குறைய 60 கிராம் சர்க்கரையும் உடம்புக்குள் போகும். போதாததற்கு, தேயிலையில் இருப்பதைப் போலவே கோகோவில் உள்ள துவர்ப்புப் பொருள்களும் இரும்பு உடம்பில் சேர்வதைத் தடுக்கின்றன.

ரத்தசோகைக்கு நம் பெரியவர்கள் ஆட்டுச் சுவரொட்டியும் ஈரலும் வாங்கிச் சமைத்துக் கொடுத்தது சும்மா அல்ல. இறைச்சியில் உள்ள இரும்பை உடம்பு எளிதாக எடுத்துக்கொள்கிறது. கர்ப்பிணிகள் மட்டும் ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, எள்ளுருண்டை எல்லாம் நல்லவை. கூடவே ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் இரும்பு இன்னும் நன்றாகச் சேரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகவே கிடைக்கிறது. அந்த மாத்திரையை டீயோடும் சாக்லேட்டோடும் விழுங்காதீர்கள்.

இதயத்துக்கு நல்லது என்ற பேச்சில் ஓரளவு உண்மை உண்டு. கோகோவில் உள்ள ஃபிளேவனால் என்ற பொருள் ரத்தக்குழாய்கள் இளகி விரிய உதவுகிறது. நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் ஃபிளேவனால் இதற்கு உதவும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012-ல் ஏற்றுக்கொண்டது. ஆனால் 2022-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 21,000-க்கும் மேற்பட்ட முதியவர்களில் ஒரு பாதியினருக்குக் கோகோச் சாறு மாத்திரையும் மறுபாதியினருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். இதய நோயால் இறப்பது குறைந்தது. மாரடைப்பு, பக்கவாதம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. கொடுத்தது மாத்திரை, சாக்லேட் அல்ல. ஆய்வுக்கு ஒரு பெரிய சாக்லேட் நிறுவனக் குழுமத்தின் ஆதரவும் இருந்தது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளலாம். எனவே பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாக்லேட் சாப்பிடலாம் என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அழித்துவிடுங்கள்.

சர்க்கரை நோயாளிகள் சாப்பிடலாமா? பால் சாக்லேட்டில் பாதி எடை சர்க்கரை என்பதால், அதைவிட இது மேல். அதற்காக இதில் சர்க்கரை இல்லை என்று ஆகாது. உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்குச் சுமார் 25 கிராம் சர்க்கரைக்குள் நிற்பது நல்லது என்கிறது. மூன்று வேளை டீயிலேயே அது முடிந்துவிடுகிற வீடுகள் நம்முடையவை. சாக்லேட் வேண்டுமென்றால் ஒரு டீயின் சர்க்கரையை விட்டுக்கொடுக்க வேண்டும். சிறுநீரகக் கல் உள்ளவர்களும் நெஞ்செரிச்சல் உள்ளவர்களும் தவிர்ப்பது நல்லது. கோகோவில் கல்லுக்குக் காரணமான ஆக்சலேட் அதிகம். சிறிதளவு காஃபின் இருப்பதால் சிறு பிள்ளைகளுக்கு இரவில் கொடுக்காதீர்கள்.

வாங்கும்போது உறையின் முன்பக்கத்தைப் பார்க்காமல் பின்பக்கத்தைப் படியுங்கள். பொருள்களை எடை அதிகமானதில் தொடங்கி வரிசைப்படுத்த வேண்டும் என்பது இந்தியச் சட்டம். முதல் பெயர் சர்க்கரையாக இருந்தால், உறை எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் அது மிட்டாய்தான். கோகோ வெண்ணெய்க்குப் பதில் ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு என்று இருந்தால் அது 'காம்பவுண்ட்'. மலிவாகக் கிடைப்பதில் பெரும்பகுதி இதுவே. காரம் சேர்த்துப் பதப்படுத்திய கோகோ என்றிருந்தால் கசப்பு குறைந்திருக்கும், ஃபிளேவனாலும் குறைந்திருக்கும்.

ஹலால் விஷயத்தில் ஒரு தவறான எண்ணம் நம்மிடையே உள்ளது. பச்சைப் புள்ளி இருந்தால் போதும் என்று நினைக்கிறோம். அந்தப் புள்ளி மாமிசப் பொருள் இல்லை என்று மட்டுமே சொல்கிறது. மதுவைப் பற்றி எதுவும் சொல்லாது. வெளிநாட்டுச் சாக்லேட்டுகளில் ரம், பிராந்தி, லிக்கர் நிரப்பியவை உண்டு. பச்சைப் புள்ளியே இல்லாத வெளிநாட்டு உறையில் ஜெலட்டின், இ471, இ120 ஆகியவற்றைக் கவனியுங்கள். முதல் இரண்டும் விலங்கிலிருந்து வந்திருக்கலாம்; மூன்றாவது பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்புச் சாயம். இ322 பெரும்பாலும் சோயாவிலிருந்து வருவது.

இன்னொன்றும் உண்டு. 2022-ல் அமெரிக்க நுகர்வோர் அமைப்பு ஒன்று 28 டார்க் சாக்லேட்டுகளைச் சோதித்தபோது எல்லாவற்றிலும் ஈயமும் காட்மியமும் இருந்தன. பயந்து ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மருந்துபோல் தினமும் கொடுக்கும் பழக்கம் வேண்டாம். வாரத்தில் இரண்டு மூன்று நாள், சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு துண்டு, ஒரு கைப்பிடி வேர்க்கடலையோடு என்றால் போதும். நல்ல சாக்லேட் ஒரு கட்டி வாங்கும் காசில் வேர்க்கடலை ஒரு கிலோ வந்துவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

அடுத்த முறை துபாயிலிருந்தோ ஜித்தாவிலிருந்தோ "என்ன வாங்கி வரட்டும்?" என்று மகன் போனில் கேட்டால், வாங்கும் முன் உறையின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.