வெள்ளி உப்புகள் மீறிய கணக்கு

முதல் உலகப் போர்க்காலம். பெர்லினில் ஒரு ராணுவ அலுவலகத்தில், வெடியோசையை வைத்து எதிரியின் பீரங்கி எங்கே இருக்கிறது என்று கண்டறியும் பணியில் இருந்தார் மேக்ஸ் பார்ன். ஓய்வு நேரத்தில் அவரும் ஆல்ஃபிரட் லாண்டேயும் வேறொரு கணக்கில் மூழ்கினார்கள். தனித்தனியாகத் திரியும் சோடியம், குளோரைடு அயனிகள் ஒன்றுகூடிப் படிகமானால் எவ்வளவு ஆற்றல் வெளிப்படும்? இதுதான் படிகக்கூடு ஆற்றல். அயனிகளை மின்னூட்டம் பெற்ற வெறும் உருண்டைகளாகக் கொண்டு, 1918இல் அதற்கு ஒரு சமன்பாடு தந்தார்கள்.

சரிபார்ப்பதுதான் சிக்கல். உப்பைச் சூடாக்கினால் அது தனி அயனிகளாகப் பிரிவதில்லை. சோடியமும் குளோரினும் சேர்ந்த மூலக்கூறுகளாகவே ஆவியாகிறது.

வழிகாட்டியவர் ஃபிரிட்ஸ் ஹேபர். போரில் நச்சுவாயுவைப் புகுத்திய அவரை பார்ன் வெறுத்து ஒதுங்கியிருந்தார். நண்பர் ஜேம்ஸ் ஃபிராங்க்தான் இருவரையும் சேர்த்துவைத்தார். அந்த வெறுப்பு நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனாலும் ஹேபரின் யோசனை அபாரமானது. நேராக அளக்க முடியாததைச் சுற்றுவழியில் பிடித்தார்; அதுதான் பார்ன்–ஹேபர் சுழற்சி. இன்றைய அளவீடுகளில், ஒரு மோலுக்கு கிலோஜூலில் சொன்னால், சோடியத்தை ஆவியாக்க 107, அதை அயனியாக்க 496, குளோரின் மூலக்கூறைப் பிரித்து ஓர் அணுவைப் பெற 121 தேவை. குளோரின் எலக்ட்ரானை ஏற்கும்போது 349 திரும்பக் கிடைக்கிறது. உப்பு உருவாகும்போது வெளிப்படும் 411ஐச் சேர்த்தால் விடை 786. உருண்டைக் கணக்கு தரும் விடை சுமார் 770. பிரமிக்கவைக்கும் பொருத்தம்!

பாடநூல்கள் சொல்லாத ஒன்று உண்டு. 1919இல் அந்த 349ஐ யாரும் அளந்திருக்கவில்லை. எனவே பார்ன் தன் சமன்பாட்டையே நம்பி, சுழற்சியைத் திருப்பிப் போட்டு, குளோரினின் எலக்ட்ரான் நாட்டத்தைக் கணக்கிட்டார். ஆக, அன்று அது கோட்பாட்டுக்கான சோதனையே அல்ல. 1930இல் ஜோசப் மேயர் பொட்டாசியம், சீசியம் அயோடைடுகளின் சூடான ஆவியில் அயனிகளை அளந்த பிறகே உண்மையான ஒப்பீடு தொடங்கியது.

வெள்ளி உப்புகள் இந்தப் பொருத்தத்துக்குக் கட்டுப்படவில்லை. சில்வர் குளோரைடில் சோதனை மதிப்பு சுமார் 905, கோட்பாடு 833. சில்வர் அயோடைடில் 889, 778. இடைவெளி நூற்றைத் தாண்டிவிட்டது. இது அளவீட்டுப் பிழை இல்லை. வெள்ளி அயனி, பருத்த அயோடைடின் எலக்ட்ரான் மேகத்தைத் தன் பக்கம் இழுத்து உருக்குலைக்கிறது. அயனிப்பிணைப்புக்குள் சகப்பிணைப்பு கலந்துவிடுகிறது. உருண்டைக் கணக்கில் அதற்கு இடமே இல்லை. சோடியம் அயோடைடு நீரில் தாராளமாகக் கரைய, சில்வர் அயோடைடு கரைய மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிளஸ் ஒன் வேதியியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பார்ன்–ஹேபர் கணக்கை உப்போடு நிறுத்திவிடாதீர்கள். சில்வர் அயோடைடின் இரண்டு எண்களையும் பலகையில் அருகருகே எழுதி, ஏன் இந்த இடைவெளி என்று மாணவர்களைக் கேளுங்கள்.