கனிவு மட்டும் போதுமா?

செவிலியர் பணி என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது கையில் விளக்கேந்திய ஒரு பெண்மணியின் உருவம். 1854 நவம்பரில் 38 செவிலியருடன் துருக்கியின் ஸ்கூட்டாரி இராணுவ மருத்துவமனையை அடைந்த ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரே அவர். அவரது கனிவை உலகம் போற்றியது. ஆயினும், அவர் வந்த பின்னரும் அந்தக் குளிர்காலம் முழுவதும் அங்கே சாவு குறையவில்லை என்பதைப் பலர் அறியார். 1855இல் சுகாதாரக் குழுவினர் வந்து கழிவுநீர்க் கால்வாய்களைத் துப்புரவாக்கிக் காற்றோட்டத்துக்கு வழி செய்த பின்னரே இறப்பு வெகுவாகக் குறைந்தது. போர் முடிந்து நாடு திரும்பிய அம்மையார், புள்ளியியல் அறிஞர் வில்லியம் ஃபாரின் துணையோடு இறப்புக் கணக்குகளை ஆராய்ந்தார். காயத்தால் மாண்டவரைவிட, தடுத்திருக்கக்கூடிய நோய்களால் மாண்டவரே மிகப் பலர் எனக் கண்டார். அதை வரைபடமாகத் தீட்டி ஆட்சியாளர் முன் வைத்தார்.

கனிவுக்கு ஆய்வறிவு துணை நிற்க வேண்டும் என்பது அன்று உலகம் கற்ற பாடம். அந்த ஆய்வறிவுக்குத் துணை நிற்க வேண்டியது எது? இந்த வினாவுக்கு விடை கிடைக்க, அமெரிக்காவில் ஏழை மக்கள் பலர் நாற்பது ஆண்டுகள் விலை கொடுக்க வேண்டியிருந்தது.

அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்னும் ஊரைச் சுற்றியுள்ள பகுதி மேக்கன் கவுண்டி. பிறர் நிலத்தில் வாரத்துக்குப் பயிரிட்டு வாழ்ந்த கறுப்பின உழவர்கள் அங்கு மிகுதி. 1932இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை அங்கே ஓர் ஆய்வைத் தொடங்கியது. சிபிலிஸ் என்னும் மேகநோய் கண்டிருந்த 399 ஆடவரும், அந்நோய் இல்லாத 201 ஆடவரும் அதில் சேர்க்கப்பட்டனர். சிகிச்சையின்றி விட்டால் அந்நோய் உடலை எவ்வாறு அழிக்கிறது என்று இறுதிவரை கவனிப்பதே நோக்கம். இது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. ‘கெட்ட இரத்தம்’ இருக்கிறது, அதற்கு வைத்தியம் செய்கிறோம் என்றே சொல்லப்பட்டது. ஆய்வுக்காக முதுகுத்தண்டிலிருந்து ஊசியால் நீர் எடுத்ததைக்கூடச் சிறப்புச் சிகிச்சை என்றே நம்பவைத்தனர்.

அம்மக்களுக்கும் மருத்துவர்களுக்கும் இடையே பாலமாக நின்றவர் யூனிஸ் ரிவர்ஸ் என்னும் கறுப்பினச் செவிலி. 1922இல் டஸ்கீகி நிறுவனத்தில் செவிலியர் பயிற்சி முடித்தவர். மருத்துவர்கள் மாறிக்கொண்டே இருந்தனர். இவர் ஒருவரே நிலைத்து நின்றார். தம் காரில் அம்மனிதர்களைப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றார். வீடு வீடாகச் சென்று நலம் விசாரித்தார். அவர்கள் இறந்தபோது துக்கத்தில் பங்குகொண்டார். சவப் பரிசோதனைக்கு உறவினர் இசைந்தால் அடக்கச் செலவுக்குப் பணம் உண்டு என்று எடுத்துச்சொல்லி அந்த இசைவைப் பெற்றுத் தந்தவரும் இவரே.

இவர் கொடியவர் அல்லர் என்பதே இவ்வரலாற்றின் வேதனை. வேறெந்த மருத்துவ வசதியும் இல்லாத தம் மக்களுக்கு இந்த அளவேனும் கிடைக்கிறதே என்று அவர் எண்ணினார். மருத்துவர் சொன்னதைத் தட்டாமல் செய்வதே செவிலியின் கடமை என்ற பயிற்சியில் வளர்ந்தவர் அவர். 1940களின் பிற்பகுதியில் பெனிசிலின் அந்நோய்க்கு உறுதியான மருந்தாக நிலைபெற்றது. ஆய்வை நடத்தியோர் அதை இவர்களுக்கு வழங்கவில்லை. மனிதர்மேல் நடத்தும் ஆய்வுக்கு அவர்தம் மனமொத்த இசைவு இன்றியமையாதது என 1947இல் நியூரம்பர்க் தீர்ப்பு வகுத்த நெறியும் மேக்கன் கவுண்டியை எட்டவில்லை. பிறர் வழியாகச் சிலர் மருந்து பெற்றுவிட்டமையால், ஆய்வு தேடிய சான்றும் பழுதுற்றது. நெறியைப் பலியிட்டும் அறிவு முழுமையாகக் கிட்டவில்லை.

1966 முதல் இதை எதிர்த்துவந்த பொதுச் சுகாதாரத் துறை ஊழியர் பீட்டர் பக்ஸ்டன் வழியாகச் செய்தி வெளிவர, 1972 ஜூலையில் நாடே அதிர்ந்தது. அவ்வாண்டே ஆய்வு நிறுத்தப்பட்டது. 1974இல் ஆய்வுகளுக்கென ஒரு தேசியச் சட்டம் வந்தது. மனிதரை மதித்தல், நன்மை செய்தல், நீதி வழங்கல் என்னும் மூன்று நெறிகளை 1979இல் பெல்மாண்ட் அறிக்கை வகுத்தது. 1997 மே 16ஆம் நாள் குடியரசுத் தலைவர் கிளிண்டன் நாட்டின் பெயரால் மன்னிப்புக் கோரினார். அப்போது உயிரோடு எஞ்சியிருந்தவர் எண்மர்.

செவிலியரின் நெறித்தொகுப்பும் மாறியது. பன்னாட்டுச் செவிலியர் மன்றம் 1953இல் வெளியிட்ட தொகுப்பு, நெறியற்ற செயலில் பங்கேற்க மறுக்கச் சொன்னது. மருத்துவரின் ஆணையை விசுவாசத்தோடு நிறைவேற்றவும் சொன்னது. இரண்டும் மோதும் வேளையில் எளிய செவிலி எதைப் பற்றுவாள்? 1973இன் திருத்தத் தொகுப்போ, செவிலியின் முதற்பொறுப்பு தம் பராமரிப்பை நாடி வருவோரிடமே என்று தெளிவாக்கியது.

நைட்டிங்கேலின் கனிவுக்கு முதலில் குறைந்தது அறிவு. அதை அவர் தேடிக்கொண்டார். ரிவர்ஸின் கனிவில் இல்லாது போனது உண்மை. அதைச் சொல்ல அவரை எவரும் பழக்கவில்லை. அன்பான கையே வஞ்சனைக்கும் வழியாகக்கூடும் என்பது நம்மை நடுங்கச் செய்ய வேண்டும். அம்மக்களை ஆய்வுக்கு அழைக்கும் செய்தியை அறிவித்தவருள் அவர்கள் நம்பிய பள்ளி ஆசிரியர்களும் ஆலயப் போதகர்களும் இருந்தனர். ஆகவே இக்கேள்வி செவிலியரோடு நின்றுவிடுவதில்லை. நம் சொல்லை நம்பி ஓர் ஏழை மருத்துவமனைக் கட்டிலில் படுக்கும்போது, அவருக்குச் செய்யப்போவது இன்னதென்று அவருக்குச் சொல்லப்பட்டதா எனக் கேட்கும் கடமை நமக்கும் உண்டு.