டிப்ஸ்: உணவக மேசையில் கூலியும் மரியாதையும்

உணவகத்தில் பில் தொகைக்கு மேல், பரிமாறியவருக்கென்று வாடிக்கையாளர் விரும்பித் தரும் பணம் டிப்ஸ். விரும்பி என்பது பெயரளவில்தான். நியூயார்க்கில் 20 சதவீதம் வைக்காமல் எழுந்துபோனால் சர்வரை அவமதித்ததாக அர்த்தம். டோக்கியோவில் மேசையில் காசை விட்டுவிட்டு வந்தால், யாரோ மறந்துவிட்டுப் போகிறார் என்று கடைக்காரர் அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வரக்கூடும். கேட்டால் இரு ஊர்க்காரர்களும் இது எங்கள் பண்பாடு என்பார்கள். அந்தப் பண்பாட்டின் வயதைப் பார்த்தால் அவ்வளவு தொன்மையாக இல்லை. பரிமாறுபவருக்குக் கூலி தரவேண்டியது முதலாளியா, சாப்பிட வந்தவரா என்ற தகராறு ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விதமாகத் தீர்ந்தது. சில இடங்களில் இன்னும் தீரவில்லை.

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தகராறு உணவகத்தில் அல்ல, பிரபுக்களின் மாளிகைகளில் நடந்தது. விருந்துண்டு கிளம்பும் விருந்தினர் வாசல்வரை வரிசையாக நிற்கும் வேலைக்காரர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஏதாவது வைக்கவேண்டும். கையில் காசில்லாதவர்கள் விருந்து அழைப்பையே தட்டிக்கழித்தார்கள். 1760களில் இதை எதிர்த்து எழுதியவர்களில் ஒருவர் ஜோனாஸ் ஹான்வே. லண்டன் தெருவில் ஆண்கள் குடை பிடிக்கும் வழக்கத்தைப் பிரபலமாக்கியவர் என்று பேரெடுத்த அதே மனிதர். வழக்கத்தை ஒழிக்க எஜமானர்கள் முயன்றபோது, 1764இல் லண்டனின் ரனெலா பூங்காவில் பணியாட்கள் கலகம் செய்தார்கள்.

ஐரோப்பாவுக்குச் சுற்றுலா போய்வந்த பணக்கார அமெரிக்கர்கள் 19ஆம் நூற்றாண்டில் இந்த வழக்கத்தை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே முதலில் கிடைத்தது வரவேற்பு அல்ல, வெறுப்பு. குடியரசு நாட்டில் ஒருவர் கைநீட்ட இன்னொருவர் பிச்சை போடுவதா என்று பத்திரிகைகள் கொதித்தன. 1909இல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸைத் தடைசெய்து சட்டமே போட்டது. இன்னும் சில மாநிலங்கள் பின்தொடர்ந்தன. 1926க்குள் அத்தனை தடைச் சட்டங்களும் போய்விட்டன. காரணம் முதலாளிகளின் கணக்கு. உள்நாட்டுப் போருக்குப் பிறகு, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினத்தவரை உணவகங்களும் ரயில் நிறுவனங்களும் அற்பக் கூலிக்கு வேலைக்கு வைத்து, மீதியைப் பயணிகளிடம் வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தன. புல்மன் நிறுவனத்தின் தூங்கும் பெட்டிகளில் வேலை பார்த்த கறுப்பினப் பணியாளர்கள் எல்லோரையும் பயணிகள் ‘ஜார்ஜ்’ என்றே கூப்பிட்டார்கள். முதலாளி ஜார்ஜ் புல்மனின் பெயர் அது. அந்தப் பணியாளர்கள் 1925இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் கட்டினார்கள்; 1937இல்தான் நிறுவனத்துடன் முதல் ஒப்பந்தம் போட முடிந்தது.

1938இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோது உணவகத் தொழிலாளர்கள் அதில் இல்லை. 1966இல் சேர்த்தார்கள், ஒரு கொக்கியோடு: டிப்ஸ் வருமானத்தைக் காட்டி முதலாளி தன் பங்கைக் குறைத்துக்கொள்ளலாம். அந்தப் பங்கு 1991இல் மணிக்கு 2.13 டாலராக நிர்ணயிக்கப்பட்டு, இன்றுவரை அசையவில்லை. டிப்ஸையும் சேர்த்துக் குறைந்தபட்சக் கூலியான 7.25 டாலர் வராவிட்டால் குறையை முதலாளி ஈடுகட்டவேண்டும் என்பது விதி. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் மட்டும் முழுக் கூலியையும் முதலாளியே தரச் சொல்கின்றன.

அமெரிக்க சர்வர் ஐந்து நிமிடத்துக்கொரு முறை வந்து எல்லாம் சரியா என்று விசாரிப்பதும், கேட்காமலே பில்லைக் கொண்டுவந்து வைப்பதும் இந்தக் கணக்கோடு சேர்ந்தவை. மேசை சீக்கிரம் காலியானால் அடுத்தவர் உட்காருவார், அடுத்த டிப்ஸ் வரும். பாரிஸில் கேட்காமல் பில் வைப்பது, எழுந்து போ என்று விரட்டுவதைப் போன்றது. அமெரிக்கப் பயணிக்கு பிரெஞ்சு சர்வர் அலட்சியக்காரராகத் தெரிகிறார். பிரெஞ்சுக்காரருக்கு அமெரிக்க சர்வர் நச்சரிப்புக்காரர். மனிதர்களின் சுபாவம் என்று இரு தரப்பும் நினைத்துக்கொள்வதில் பாதி, சம்பளச் சீட்டில் இருக்கிறது.

டிப்ஸை நம்பியிராத இந்த நிலையைப் பாரிஸ் சர்வர்கள் சும்மா பெறவில்லை. 1907இல் அவர்கள் செய்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் மீசை வைத்துக்கொள்ளும் உரிமையும் ஒன்று. டிப்ஸ் முழுவதும் ஊழியருக்கே சேரவேண்டும் என்று 1933இல் சட்டம் வந்தது. 1987 முதல் விலைப் பட்டியலில் காட்டும் விலையிலேயே சேவைக் கட்டணமும் அடங்கவேண்டும் என்று ஆனது. அதற்குமேல் வைக்கும் ஓரிரு யூரோ வெறும் நல்லெண்ணம்.

ஜப்பானின் கதை இன்னும் சுவாரசியம். டிப்ஸே அறியாத நாடு என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதுகின்றன. ஆனால் மெய்ஜி பேரரசர் காலத்து விடுதிகளில் ‘சாதாய்’ என்ற தேநீர்ப் பணம் கொடுக்காமல் தங்க முடியாது. அதை ஒழிக்க இயக்கமே நடந்தது. 1920களில் டோக்கியோவின் கின்சா கஃபேக்களில் வேலை பார்த்த பெண்களில் பலருக்குச் சம்பளமே கிடையாது, வாடிக்கையாளர் தருவதுதான் வருமானம். பிற்பாடு பெரிய விடுதிகளிலும் உணவகங்களிலும் பில்லோடு சேரும் சேவைக் கட்டணம் இதன் இடத்தைப் பிடித்தது. மரபான ரியோகான் விடுதிகளில் மட்டும், உபசரிக்கும் பெண்ணுக்குச் சிறு உறையில் பணம் வைத்துத் தருவது இன்னும் ஓரளவு மிஞ்சியிருக்கிறது. காசை உறையில்லாமல் நீட்டுவது அநாகரிகம்.

டிப்ஸை ஒழித்துப் பார்த்தவர்கள் அமெரிக்காவிலேயே உண்டு. நியூயார்க் உணவக அதிபர் டேனி மேயர் 2015இல் விலையை உயர்த்தி, தன் உணவகங்களில் டிப்ஸை எடுத்துவிட்டார். 2020இல் திரும்பக் கொண்டுவந்தார்.

இந்தியாவில் இந்தத் தகராறு இப்போது நீதிமன்றத்தில் நிற்கிறது. சாப்பாட்டு ஓட்டலில் சர்வருக்குச் சில்லறை வைத்துவிட்டு வருவதில் யாருக்கும் பிரச்சினை இல்லை. பெரிய உணவகங்கள் பில்லிலேயே 10 சதவீத சர்வீஸ் சார்ஜைச் சேர்த்ததில்தான் சண்டை தொடங்கியது. தானாக அதைச் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது; உணவகச் சங்கங்கள் வழக்குப் போட்டு அதே மாதம் இடைக்காலத் தடை வாங்கின. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் தீர்ப்பளித்தது: கட்டாயமாக வாங்கக்கூடாது, வாடிக்கையாளர் தாமாகத் தரும் டிப்ஸுக்குத் தடை இல்லை. சங்கங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின.