தருக்க நிரலாக்கமும் சார்பிய நிரலாக்கமும்

தருக்க நிரலாக்கமும் சார்பிய நிரலாக்கமும் அறிவிப்பு முறை நிரலாக்கத்தின் இரு முதன்மையான கிளைகள் ஆகும். கணினிக்குப் படிப்படியாகக் கட்டளையிடாமல், எது எதற்குச் சமம், எது உண்மை என்பதை எழுதுவது இவற்றின் பொது இயல்பாகும். லிஸ்ப், எம்.எல்., ஹாஸ்கெல் ஆகியன சார்பிய மொழிகள். புரோலாக் மிகவும் அறியப்பட்ட தருக்க மொழி. மீள்சுருள், பட்டியல் போன்றவை இரண்டிலும் உள்ளன. எனினும் சார்பிய நிரல் சார்புகளாலும், தருக்க நிரல் உறவுகளாலும் ஆனது.

== வரலாறு ==

ஜான் மெக்கார்த்தி 1958 இல் லிஸ்ப் மொழியை வடிவமைக்கத் தொடங்கினார். 1965 இல் ஜான் ஆலன் இராபின்சன், தேற்றங்களைக் கணினி வழி நிறுவுவதற்கான முறையொன்றை வெளியிட்டார். அதன் அடிப்படையிலும், இராபர்ட் கோவால்சுகியின் ஆய்வுகளின் துணையுடனும், 1972 இல் பிரான்சின் மார்சேய் நகரில் அலைன் கோல்மெராவரும் பிலிப் ரூசலும் புரோலாக்கை உருவாக்கினர்.

== சார்பும் உறவும் ==

சார்பு உள்ளீட்டைப் பெற்று ஒரு விடையைத் திருப்பித் தரும். உறவு எதையும் திருப்பித் தராது. விடையும் அதன் உறுப்புகளுள் ஒன்றாகவே இருக்கும். இரு பட்டியல்களை இணைக்கும் சார்பு பின்வருமாறு அமையும்:

 இணை([], ப) = ப
 இணை([த|மீ], ப) = [த | இணை(மீ, ப)]

இதுவே புரோலாக்கில் மூன்று உறுப்புகள் கொண்ட உறவாகிறது (அடிக்கோட்டுடன் தொடங்குபவை மாறிகள்):

 இணை([], _ப, _ப).
 இணை([_த|_மீ], _ப, [_த|_வி]) :- இணை(_மீ, _ப, _வி).

இணை([1], [2], _வி) என்று வினவினால் [1,2] கிடைக்கும். இணை([1], _ப, [1,2,3]) என்று வினவினால் [2,3] கிடைக்கும். இணை(_அ, _ஆ, [1,2]) என்ற வினவலோ பட்டியலைப் பிரிக்கும் மூன்று வழிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தரும். இவ்வாறு ஒரே வரையறை பல திசைகளில் பயன்படுகிறது.

== ஒன்றிப்பு ==

சார்பிய மொழிகளின் வடிவப் பொருத்தத்தில் மாறிகள் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். ஒன்றிப்பில் இரு பக்கங்களிலும் மதிப்பறியா மாறிகள் இருக்கலாம். எம்.எல்., ஹாஸ்கெல் தொகுப்பிகள் தரவு வகைகளைத் தாமே உய்த்தறிவதற்கும் ஒன்றிப்பையே பயன்படுத்துகின்றன. ஆகவே இக்கருத்து சார்பிய நிரலாளருக்கு முற்றிலும் புதியதன்று.

== தேடல் ==

புரோலாக் விதிகளை மேலிருந்து கீழாகவும், ஒரு விதியின் இலக்குகளை இடமிருந்து வலமாகவும் எடுத்துக்கொள்ளும். ஓர் இலக்கு தோற்றால், கடைசியாகத் தெரிவு செய்த இடத்திற்குப் பின்வாங்கி அடுத்த விதியை முயலும். 1985 இல் பிலிப் வாட்லர், சார்பிய மொழியில் எல்லா விடைகளையும் ஒரு பட்டியலாகத் தருவதன் மூலம் இத்தகைய பின்வாங்கலைப் பெறலாம் எனக் காட்டினார்.

== வழமையான பிழைகள் ==

* '''உள்ளடுக்கிய அழைப்பு:''' _அ = 1 + 2 என்பதன் விடை 3 அன்று; 1 + 2 என்ற அமைப்பே ஆகும். கணக்கிடுவதற்கு 'இஸ்' என்னும் தனிச் செயற்குறி உண்டு. அதன் வலப்பக்க மதிப்புகள் முன்பே அறியப்பட்டிருக்க வேண்டும் என்பதால் அது ஒரு திசையிலேயே இயங்கும்.
* '''இடப்பக்க மீள்சுருள்:''' பின்வரும் விதி தருக்கப்படி சரியானது. ஆயினும் முதல் இலக்கு தன்னையே மீண்டும் அழைப்பதால் தேடல் முடிவின்றி ஓடும். இலக்குகளின் வரிசையை மாற்றினால் இது தீரும்.

 மூதாதை(_அ, _ஆ) :- மூதாதை(_அ, _இ), பெற்றவர்(_இ, _ஆ).

* '''எதிர்மறை:''' நிறுவ இயலாதது பொய் எனக் கொள்ளப்படும். தகவல் இல்லாமையும் பொய்யும் இங்கு வேறுபடுத்தப்படுவதில்லை.

வழிமுறை என்பது தருக்கமும் கட்டுப்பாடும் சேர்ந்தது என 1979 இல் கோவால்சுகி விளக்கினார். தருக்கத்தை மட்டும் எழுதிக் கட்டுப்பாட்டை மறப்பதே இரண்டாவது பிழைக்குக் காரணமாகும்.

== இரண்டையும் இணைக்கும் மொழிகள் ==

மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தில் உருவான மெர்க்குரி, ஹாஸ்கெலை ஒத்த கர்ரி ஆகிய மொழிகள் இரு முறைகளையும் இணைக்கின்றன. சார்பிய மொழியான எர்லாங்கின் முதல் வடிவம் புரோலாக்கிலேயே எழுதப்பட்டது.

== இவற்றையும் பார்க்கவும் ==

* புரோலாக்
* லிஸ்ப்
* மீள்சுருள்