கலஞ்செய் கம்மியரின் பெயர் என்ன?

பட்டினப்பாலை நடத்திக்கொண்டிருந்தோம். உப்பைக் கொடுத்து நெல்லை ஏற்றி வந்த படகுகள், இலாயத்தில் கட்டிய குதிரைகளைப் போல் காவிரிப்பூம்பட்டினத்துக் கழிக்கரையில் வரிசையாகப் பிணிக்கப்பட்டிருந்ததைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் இடம். பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்தார். "ஐயா, அந்தப் படகைக் கட்டுனவங்க பேரு எங்கயாவது இருக்கா?"

நாகப்பட்டினத்துக்கு அருகே ஒரு கடலோரச் சிற்றூர் அவருடையது. தாத்தா படகு கட்டும் மேஸ்திரி என்பது பிறகுதான் தெரிந்தது. பல ஆண்டுகளாக இப்பாட்டைச் சொல்லிக்கொடுத்து வருகிறோம். உவமையை வியந்திருக்கிறோமே தவிர, இக்கேள்வி நமக்கு ஒருநாளும் தோன்றியதில்லை!

விடை தேடி நாம் முதலில் நின்ற இடம் தஞ்சைப் பெரிய கோயில். ஊரைக் கணக்கெடுப்பதில் அந்தக் கல்வெட்டுகளுக்கு நிகரில்லை. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயரும், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதும் அங்கே உண்டு. ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் அளக்கப்பட்டதும் உண்டு. தையற்காரர், கன்னார், தச்சர், நாவிதர் எல்லோரும் வருகிறார்கள். வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்று தலைமைத் தச்சரின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. மாமன்னன் தன் பெயரையே அவருக்குப் பட்டமாகக் கொடுத்திருக்கிறான்.

அதே கோயிலில் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியும் இருக்கிறது. 1025 வாக்கில் கடல் கடந்து சென்று கடாரத்தையும் ஸ்ரீவிசயத்தையும் வென்ற செய்தியை ஊர் ஊராக அடுக்குகிறது. அந்தப் படையைச் சுமந்து சென்ற கலங்களை வடிவமைத்தவர் யார்? ஒரு பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. சோழர் போர்க்கலம் என்று உறுதியாகச் சுட்டத்தக்க ஒரு மரத்துண்டுகூடக் கடலிலிருந்து கிடைத்ததில்லை. (புத்தக அட்டைகளில் நாம் பார்க்கும் சோழர் கப்பல்கள் எல்லாம் ஓவியர்களின் கைவண்ணமே.) விமானத்தைக் கட்டியவருக்குக் கல்லில் இடம் இருந்தது, கலத்தைக் கட்டியவருக்கு இல்லை.

இலக்கியம் சற்றே இரக்கம் காட்டுகிறது. மணிமேகலையில், மணிபல்லவம் செல்ல விரும்பிய சாவக நாட்டுப் புண்ணியராசன் 'கலஞ்செய் கம்மிய'ரை அழைத்து வரச் சொல்கிறான். சாத்தனார் தந்த அருமையான தொழிற்பெயர் அது. ஆனால் அங்கும் வருவது தொழிலின் பெயர்தான், ஆளின் பெயர் அன்று.

அந்தக் கம்மியர் செய்ததைத்தான் இன்று கப்பல் வடிவமைப்புப் பொறியாளர் செய்கிறார். சென்னை ஐ.ஐ.டி.யில் இதற்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. கப்பல் எவ்வளவு நீரை விலக்கும், எடை மையம் எங்கே நிற்கும், அலையில் சாய்ந்தால் திரும்ப நிமிருமா என்பதையெல்லாம் கணக்கிட்டுப் பார்த்த பிறகே தகட்டில் கைவைப்பார்கள். நம் கரையில் அந்தக் கணக்கு தாளில் எழுதப்படவில்லை. ஆனால் கணக்கு இருந்தது. சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகங்கள் அரிது. கப்பல் ஆழத்தில் நங்கூரமிட, சரக்கையும் ஆளையும் அலைவாய் தாண்டிக் கரைசேர்த்தது மசூலாப் படகு. அதன் பலகைகள் ஆணியால் அடிக்கப்பட்டவை அல்ல, கயிற்றால் தைக்கப்பட்டவை. மணலில் மோதும்போது ஆணியடித்த பலகை பிளக்கும். தைத்த பலகை நெகிழ்ந்து கொடுக்கும். கட்டுமரமோ நீரைத் தடுக்க முயல்வதே இல்லை. அலை அதன்மேல் ஏறி இடுக்கு வழியே வடிந்துவிடும். மிதப்பு மரத்திலேயே இருப்பதால் நிரம்பி மூழ்க இடமில்லை. ஆங்கில மாலுமி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலில் இப்பெயரைக் குறித்தார். இன்று உலகம் 'கேட்டமரான்' என்றால் இரட்டை உடல் கொண்ட விரைவுக் கப்பலைக் கருதுகிறது. சொல் போய்ச் சேர்ந்தது, பொருள் மாறிவிட்டது.

எழுதி வைத்த நூல் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் 1950இல் 'கப்பல் சாத்திரம்' என்ற தமிழ் நூலை அச்சிட்டது. மனையடி சாத்திரம் வீட்டுக்குச் செய்வதை அது கப்பலுக்குச் செய்கிறது: ஏராவின் அளவைக் கொண்டு நன்மை தீமை பார்க்கிறது. சோதிடம் என்று ஒதுக்கிவிடுவோர் ஒன்றை நினைக்க வேண்டும். டேனியர் தரங்கம்பாடிக்கு வந்தது 1620. அடுத்த எட்டாம் ஆண்டில் சுவீடன் மன்னரின் 'வாசா' என்னும் பெரும் போர்க்கப்பல், மேற்பாரம் மிகுந்து, முதற் பயணத்திலேயே ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் கவிழ்ந்தது. கப்பல் நிமிரும் கணக்கைப் பியர் பூகே என்ற பிரெஞ்சு அறிஞர் நூலாக்கியது 1746இல்தான். அதுவரை அங்கும் தச்சரின் கண்ணே அளவுகோல்.

மாணவரின் தாத்தாவிடம் சென்றோம். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இக்கரையெங்கும் ஃபைபர் படகுகள் நிறைந்துவிட்டன. ஓர் அச்சிலிருந்து எத்தனை வேண்டுமானாலும் வார்க்கலாம். மேஸ்திரிக்கு அதில் வேலை இல்லை.

"வளைவை எப்படித் தீர்மானிப்பீர்கள் ஐயா?" என்று கேட்டோம். ஒரு கயிற்றை எடுத்து இரு முனைகளையும் பிடித்துத் தொய்யவிட்டார். "இதான் சார் படகு. மரம் என்னா சொல்லுதுன்னு பார்த்து இதைக் கூட்டுவோம், குறைப்போம்" என்றார். பிறகு சொற்கள் வந்தன. ஏரா, அதன்மேல் விலா எலும்பு போல் எழும் வங்கு, முன்பக்கம் அணியம், அரபியிலிருந்து வந்து தமிழாகிவிட்ட சுக்கான். நாம் எழுத எழுத, பேரனைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார். இரண்டு இடங்களில் திருத்தினார். பெரிய கோயில் தச்சரின் பெயரைச் சொன்னபோது, இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

இருட்டிவிட்டதால் எழுந்தோம். வரும் ஞாயிறன்று மறுபடி போகிறோம். பின்பாதிப் படகு இன்னும் எழுதப்படவில்லை.