கெட்டித் தண்ணீரும் வெறுந்தண்ணீரும்

பக்கவாதம், பார்க்கின்சன், மறதிநோய் வந்த முதியவர்கள் பலருக்குக் குழைந்த சாப்பாடு இறங்கிவிடும், தண்ணீரில்தான் புரையேறும். மூச்சுக்குழாயின் வாசல் மூடுவதற்குள் தண்ணீர் பாய்ந்துவிடுகிறது. சிலருக்கு இருமல்கூட வராது. காய்ச்சல் வந்த பிறகே தெரியும். இவர்களுக்கு எப்படித் தண்ணீர் கொடுப்பது என்பதில் முதியோர் இல்லங்கள் இரு வழிகளில் போகின்றன.

ஒன்று, பொடி கலந்து கெட்டியாக்குவது. பானங்களின் கெட்டித்தன்மையை நிலைகளாகப் பிரிக்கும், ஆஸ்திரேலியா 2019 முதல் பின்பற்றும் ஐடிடிஎஸ்ஐ (IDDSI) அளவுகோலில் இதற்கு எளிய சோதனை இருக்கிறது. 10 மி.லி. சிரிஞ்சின் தண்டை உருவிவிட்டு, முனையை விரலால் அடைத்து, பானத்தை நிரப்பி, 10 விநாடி ஒழுக விடுவார்கள். 1 முதல் 4 மி.லி. வரை மிஞ்சினால் முதல் நிலை, 8 வரை இரண்டாம் நிலை, அதற்கு மேலும் மிஞ்சி மெல்லச் சொட்டினால் மூன்றாம் நிலை. ஆளுக்கு ஆள் கைக்கணக்கில் கலக்கும் ஆபத்தை இது குறைக்கிறது.

மற்றொன்று, வெறுந்தண்ணீரையே பக்குவமாகக் கொடுப்பது. அமெரிக்காவின் லூயிவில் நகரத்து ஃப்ரேஸியர் மறுவாழ்வு மருத்துவமனையில் 1984-இல் தொடங்கிய முறை இது. சாப்பாட்டோடு வெறுந்தண்ணீர் கிடையாது. சாப்பிட்டு அரைமணி கழித்து, வாயைச் சுத்தம் செய்து, நிமிர்ந்து உட்காரவைத்துக் கொடுப்பார்கள்.

எக்ஸ்ரே படத்தில் ஜெயிப்பது கெட்டித் தண்ணீர்தான். அமெரிக்காவில் 711 பேரைச் சோதித்தபோது, தாடையைத் தாழ்த்தி வெறும் திரவம் விழுங்குவதைவிடக் கெட்டித் திரவம் மூச்சுக்குழாய்க்குள் குறைவாகவே போனது. ஆனால் அதன் தொடர்ச்சியாக 515 பேரை மூன்று மாதம் கவனித்து 2008-இல் வெளியிட்ட முடிவு வேறு கதை சொன்னது. நிமோனியா வந்தவர்களின் விகிதத்தில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசமில்லை. உடலில் நீர் வற்றியதோ தாடை தாழ்த்திக் குடித்தவர்களில் 2%, கெட்டித் திரவம் குடித்தவர்களில் 6%.

காரணம் புரியாததல்ல. கொழகொழத்த தண்ணீரில் தாகம் அடங்குவதில்லை. இரண்டு வாயோடு டம்ளரைத் தள்ளிவிடுகிறார்கள். குடிப்பது குறைந்தால் மலச்சிக்கல், குழப்பம், சாப்பாட்டில் வெறுப்பு, எடை இழப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். நுரையீரலைக் காக்கப்போய் உடம்பை வற்றவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. தண்ணீர் தனியாக உள்ளே போவதைவிட, அழுக்கு வாயின் கிருமிகளைச் சுமந்து போவதுதான் பெரிய ஆபத்து. ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் நடந்த ஆய்வு வாய்ச் சுத்தத்தின் பங்கைக் காட்டியது. ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் பல் துலக்கிவிடப்பட்டவர்களில் 11% பேருக்கும், அப்படிச் செய்யப்படாதவர்களில் 19% பேருக்கும் நிமோனியா வந்தது.

அதற்காக வெறுந்தண்ணீர் எல்லாருக்கும் சரியென்று சொல்ல மாட்டேன். ஃப்ரேஸியர் முறை மறுவாழ்வுப் பயிற்சியில் இருந்தவர்களுக்காக உருவானது. படுத்த படுக்கையாக இருப்பவருக்கும், அடிக்கடி சளிக்காய்ச்சல் வருபவருக்கும், வாயைச் சுத்தம் செய்ய விடாதவருக்கும் அதை அப்படியே பொருத்த முடியாது. கெட்டிப் பாலும் கெட்டி சூப்பும் சாப்பாட்டு வேளையில் அவர்களுக்குச் சத்தும் தருகின்றன. வெறுந்தண்ணீர் பொருந்துபவர்களுக்குச் சாப்பாட்டு வேளைகளுக்கு இடையில் அதைக் கொடுக்கத் தேவைப்படுவது பக்கத்தில் உட்கார ஓர் ஆள், பத்து நிமிடம், ஒரு பல்துலக்கி. பொடி டப்பா வாங்குவதைவிட இதற்குத்தான் இல்லங்கள் தயங்குகின்றன.

உங்கள் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ கெட்டித் திரவம் என்று இல்லம் முடிவு செய்தால், இரண்டு விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: நேற்று மொத்தம் எத்தனை மி.லி. உள்ளே போனது, விழுங்கும் திறனை மறுபடி எந்தத் தேதியில் சோதிப்பார்கள்.